தர்சினி மிஸியும் படிக்க மறுத்த றிமோட்டும்

புத்தூர்ப் பக்கம் யாரையாவது மறித்து, தர்சினி மிஸியைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரியும் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு சிரிப்பு வரும். இருபத்திரண்டு வருடமாக அந்த வட்டாரத்துக் குடும்பநல உத்தியோகத்தர் அவள்; ஊர் வாயில் மிஸி. கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பிறந்த பிள்ளைகளை நிறுப்பது, தாய்மாரை ஏசுவது, இந்த மூன்றும் அவளுடைய வேலை. மூன்றாவதை அரசாங்கம் கேட்கவில்லை, அவளாகச் சேர்த்துக்கொண்டது. ஒரு வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே மனம் அடுத்த வீட்டுப் படலையைத் திறந்துவிடும். தேத்தண்ணியும் பாதியில் நிற்கும். நாற்பத்தேழு வயதிலும் ஸ்கூட்டியை நிறுத்துவதற்கு முன்னமே இறங்கிவிடுவாள்.

அப்படிப்பட்டவள் ஐந்து மாதமாக வீட்டுக்குள் இருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் இருந்தாள். வேறு வழியில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் காலை, பருத்தித்துறை வீதியில் மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்த அவளுடைய புருஷன் சுதாகரனுக்குப் பாரிசவாதம் வந்தது. பஸ்ஸை ஓரங்கட்டி, பிறேக்கை இழுத்துவிட்டுத்தான் மனிசன் சரிந்தான். வலது பக்கம் போய்விட்டது. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. நீண்ட வசனமென்றால் மட்டும் நடுவில் நின்று மூச்செடுக்க வேண்டும். இடது கையால் கரண்டி பிடிக்கப் பழகிவிட்டான். அதற்கு மேல் அந்தக் கை இன்னும் சொற்கேட்கவில்லை. மகள் பேராதனையில் படிக்கிறாள். ஆகவே வீட்டில் இவர்கள் இரண்டு பேரும்தான்.

அவன் படுக்கிற அறை, வீட்டோடு பிறகு சேர்த்து, கூரைக்குச் சீற் போட்டு இறக்கிய அறை. சித்திரை வெயிலில் பத்து மணிக்கே உள்ளே நிற்க முடியாது. கனடாவில் இருக்கும் அவன் தங்கை ஜெயனி ஏசி பூட்டுவித்துக் கொடுத்திருந்தாள். ஃபான் ஒன்றும் உண்டு. ரிவி உண்டு, அதற்கு டிஷ் பெட்டி உண்டு. எல்லாம் உண்டு என்பதுதான் வில்லங்கம். நாலு சாமானுக்கும் நாலு றிமோட். நாலையும் கட்டிலில் வைத்தால் இரண்டு நழுவிக் கீழே விழும். விழுவதில் ஒன்று கட்டாயம் ஃபானுடையதாக இருக்கும்.

பங்குனி மாதத்தில் ஒருநாள், சந்திக் கடைக்குப் போய் இருபது நிமிடத்தில் திரும்பி வந்த தர்சினி, நனைந்த தலையணையில் கிடந்த புருஷனைக் கண்டாள். கரண்ட் ஒருமுறை போய் வந்திருக்கிறது. ஃபான் தானாகத் திரும்பவும் சுற்றாது. றிமோட் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அவன் முறைப்பாடு எதுவும் சொல்லவில்லை. அவன் ஏசியிருந்தால் அவள் திருப்பி ஏசியிருப்பாள், மனம் ஆறியிருக்கும். அன்றிலிருந்து அவள் பத்து நிமிடத்துக்கு மேல் படலையைத் தாண்டியதில்லை.

அவளுடைய லீவு சித்திரை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. இனி ஒருநாள்கூட நீட்ட முடியாது என்று கடிதம் வந்துவிட்டது. திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கிளினிக்கில் நிற்க வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும். பக்கத்து வீட்டு ஞானாம்பிகை அக்கா ஒரு மணிக்கு வந்து சோறு கொடுக்கச் சம்மதித்திருந்தார். அதுவரை ஐந்து மணித்தியாலம் சுதாகரன் தனிய இருந்து, தன் காற்றைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். அது முடியாதென்றால் வேலையும் முடிந்தது.

ஜெயனிதான் போனில் வழி சொன்னாள். பெரிய பொத்தான் ஆறே ஆறு உள்ள ஒரு றிமோட் அங்கே விற்கிறதாம். பழைய றிமோட்டுகளை அதற்கு முன்னால் பிடித்து அமத்தினால், அவை சொல்வதை அது கேட்டுப் பாடமாக்கிக்கொள்ளுமாம். பிறகு ஒன்றே போதும், நாடா போட்டுக் கழுத்தில் தொங்கவிடலாம். ஊருக்கு வந்த யாரோ ஒரு அன்ரியின் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டாள். அது லீவின் கடைசி வியாழக்கிழமை பின்னேரம் வந்து சேர்ந்தது.

தர்சினி அன்றைக்கே தொடங்கியிருக்கலாம். ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒரு நாளில் என்ன கெட்டுவிடும் என்று வைத்துவிட்டு, விடியக் குளித்து, சாமிப் படங்களுக்கு முன்னால் றிமோட்டை வைத்து, விளக்கேற்றி, சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அவர்கள் வீட்டில் புதுச் சாமான் எது வந்தாலும் பொட்டில்லாமல் வேலைக்குப் போகாது. மினிபஸ்ஸுக்கு வைத்தார்கள், தையல் மெஷினுக்கு வைத்தார்கள், ஏசிக்குக்கூடக் கதிரையில் ஏறி நின்று வைத்தாள். றிமோட்டுக்கு நெற்றி எது என்று கொஞ்சம் யோசித்தாள். தலைப் பக்கத்தில் கறுப்பாக, வழவழவென்று ஒரு சின்ன இடம் இருந்தது. அளவெடுத்த மாதிரி அங்கே பொட்டு பொருந்தியது.

பிறகு தொடங்கிய வேலை அன்று முழுதும் முடியவில்லை.

கூட வந்த கடதாசியில் இங்கிலிஷும் பிரெஞ்சும் எறும்பு எழுத்தில் இருந்தன. மேல் மூலைப் பொத்தானை அமத்திப் பிடித்தால் சிவப்பு லைட் நின்று எரியும். பிறகு, பழக்கவேண்டிய பொத்தானை ஒருமுறை தொட வேண்டும். பழைய றிமோட்டை முகத்துக்கு முகம் பிடித்து அமத்த வேண்டும். லைட் மூன்று தரம் மினுங்கினால் படித்துவிட்டது. நீளமாக எரிந்து அணைந்தால் படிக்கவில்லை. அதற்கு நீளமாக எரிவதில்தான் விருப்பம்.

பற்றரியை மாற்றினாள். பழையதுகளின் பற்றரியையும் மாற்றினாள். மூக்கோடு மூக்கு முட்ட வைத்துப் பார்த்தாள், ஒரு சாண் தள்ளி வைத்துப் பார்த்தாள், கடதாசியில் சொன்னபடி இரண்டு விரல் இடைவெளி விட்டும் பார்த்தாள். கை நடுங்குவதுதான் காரணமோ என்று மேசையில் துவாயை மடித்துப் போட்டு, அதன் மேல் இரண்டையும் ஒரே உயரத்தில் கிடத்தினாள். வெயில் வெளிச்சம் கூடாது என்றிருந்தது; யன்னலைச் சாத்தினாள். லைட் வெளிச்சமும் கூடாது என்றிருந்தது, லைட்டை நூர்த்தாள். இருட்டுக்குள், வேர்வை வழிய, றிமோட்டுக்கு முன்னால் குனிந்து நின்றவளைப் பார்த்துக்கொண்டு சுதாகரன் கிடந்தான். இத்தனைக்குள்ளும் அவள் ஒரு விஷயத்தில் கவனமாயிருந்தாள். பொட்டு அழியாத மாதிரியே றிமோட்டைப் பிடித்தாள்.

"விடு தர்சினி," என்றான் அவன். "உது சரிவராது."

"சரிவரும். நீங்கள் சும்மா இருங்கோ."

"நான்... சும்மாதானே கிடக்கிறன்."

அந்தப் பதில் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. குசினிக்குள் போய் காரணமில்லாமல் இரண்டு சட்டியைக் கழுவினாள். திரும்பி வந்து தொடக்கத்திலிருந்து செய்தாள். ஏழு மாதத்தில் நிறை கூடாத பிள்ளையையே வழிக்குக் கொண்டுவந்தவள், இந்தப் பிளாஸ்ரிக் கட்டையிடம் தோற்பதா என்று ஒரு வைராக்கியம். வைராக்கியத்தால் லைட் மினுங்கவில்லை.

சனிக்கிழமை காலை, ஞானாம்பிகை அக்காவை அரை மணி நேரம் காவலுக்கு இருத்திவிட்டு, ஐந்து றிமோட்டையும் பையில் போட்டுக்கொண்டு சந்திக்குப் போனாள். அங்கே போன் திருத்தும் கடை வைத்திருப்பவள் றோஸ். முப்பத்தைந்து வயது. அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் தராசில் நிறுத்தது தர்சினிதான். அந்த உரிமையில், வரிசையில் நின்ற இரண்டு பேரைத் தாண்டிக்கொண்டு போய் மேசையில் பையைக் கவிழ்த்தாள்.

"றோஸ், இது படிக்குதில்லை. திங்கட்கிழமைக்கிடையிலை படிக்க வேணும். எனக்கு நேரமில்லை."

"உங்களுக்கு எப்பதான் நேரம் இருந்தது மிஸி," என்றாள் றோஸ். "பொறுங்கோ. முதல்லை, பழையதுகள் ஒழுங்காச் சொல்லுதோ எண்டு பாப்பம். அது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். ஆனால் போன் கமராவுக்குத் தெரியும்."

தன் போனின் கமராவைத் திறந்து, பழைய றிமோட்டின் முனையை அதற்குக் காட்டிப் பொத்தானை அமத்தினாள். போன் திரையில் அந்த முனை ஊதா நிறத்தில் மினுக் மினுக்கென்றது. ஃபான், ரிவி, டிஷ், ஏசி, நாலும் மினுங்கின. தர்சினிக்கு வாய் கொஞ்சம் திறந்துபோயிற்று. இவ்வளவு நாளும் வீட்டுக்குள் இப்படியொரு வெளிச்சம் பறந்து திரிந்ததா?

"அப்ப சொல்லிக்குடுக்கிறவையிலை பிழை இல்லை," என்று புதியதைக் கையிலெடுத்தாள் றோஸ். திருப்பிப் பார்த்தாள். முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தும் பார்த்தாள். "மிஸி, முன்னுக்கு இருக்கிறது என்ன?"

"பொட்டு."

"பொட்டோ?"

"புதுச் சாமான் எல்லே. வெள்ளிக்கிழமை சாமிக்கு முன்னாலை வைச்சு எடுத்தனான்."

றோஸ் சிரிப்பை அடக்கப் பாடுபட்டாள். பாதிதான் அடங்கியது. "மிஸி, அதுதான் இதின்ரை கண். அதாலைதான் கேக்கும், அதாலைதான் சொல்லும். கண்ணிலை சந்தனத்தை அப்பிப்போட்டு, பார் பார் எண்டா என்னெண்டு பாக்கும்?"

வரிசையில் நின்ற இரண்டு பேரும் வீதியைப் பார்த்தார்கள். தர்சினிக்கு முகம் சிவந்துவிட்டது. ஊரிலுள்ள தாய்மாரையெல்லாம், பிள்ளையின் கண்ணுக்குள் மையைத் தீட்டாதே, முலைப்பாலை விடாதே என்று பத்து வீட்டுக்குக் கேட்க ஏசியவள் அவள்.

"நீங்களே துடையுங்கோ," என்று பஞ்சையும் ஸ்பிரிட்டையும் நீட்டினாள் றோஸ். "நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரி. சாமிக்கு வைச்சதை நான் அழிக்கக் கூடாது."

அந்த மரியாதை தர்சினியின் வெட்கத்தைக் கொஞ்சம் ஆற்றியது. காய்ந்து இறுகிய சந்தனத்தை நகத்தால் சுரண்டி, பஞ்சால் துடைத்தாள். கறுப்புக் கண் பளிச்சென்று வந்தது. றோஸ் ரிவி றிமோட்டை எதிரே பிடித்து ஒரே ஒரு தரம் அமத்தினாள். லைட் மூன்று தரம் மினுங்கியது. கடையென்றும் பாராமல் தர்சினி கையைத் தட்டினாள். மிச்சத்தை வீட்டில் போய் நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்று, றோஸ் அடுத்த வார்த்தையைத் தொடங்க முன் ஸ்கூட்டியில் ஏறிவிட்டாள். றோஸ் என்ன சொல்ல வந்தாள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அது தர்சினி இல்லை.

வீட்டுக்கு வந்து, பற்றரி மூடியின் மேல், முதுகுப் பக்கமாகப் பார்த்துப் புதுப் பொட்டு ஒன்று வைத்தாள். பிறகு வரிசையாகச் சொல்லிக்கொடுத்தாள். ஃபானுக்கு மேல் பொத்தான். ஏசியைப் போட ஒன்று, நிப்பாட்ட ஒன்று. எல்லாம் மினுங்கின. புதியதைக் கொண்டு ஃபானைப் போட்டாள். சுற்றியது, உடனே நின்றது. திரும்பப் போட்டாள். திரும்பவும் சுற்றி நின்றது. ஏசி மட்டும் சொன்னபடி வேலை செய்தது. மத்தியானச் சூட்டில் அறையைக் கெதியாகக் குளிராக்குவதற்காக ஏசியைப் பதினெட்டில் வைத்தபடி பழக்கியிருந்தாள். அதனால் எப்போது போட்டாலும் பதினெட்டில்தான் வந்தது. பழையதால் இருபத்தாறுக்கு ஏற்றிவிட்டு, புதியதால் நிப்பாட்டிப் போட்டால், மறுபடி பதினெட்டு. போர்வைக்குள் சுதாகரனின் பல் கிட்டியது.

வேறு வழியில்லாமல் றோஸுக்குப் போன் எடுத்தாள்.

"அதைத்தான் மிஸி சொல்ல வந்தனான்," என்றாள் றோஸ். "ஏசி றிமோட் ஒவ்வொரு தரமும் முழுக்கதையையும் சொல்லும். போடு, இவ்வளவு குளிர், இவ்வளவு காத்து எண்டு எல்லாம் ஒண்டாப் போகும். அவருக்கு எவ்வளவு குளிர் வேணுமோ, பழைய றிமோட்டிலை அதை வைச்சிட்டுப் பழக்குங்கோ. ஃபானுக்கு நீங்கள் கன நேரம் அமத்திப் பிடிச்சிருப்பியள். அது ஒண்டை இரண்டாக் கேட்டிட்டுது. தொட்டிட்டு விடுங்கோ. ஒருக்காச் சொன்னாக் காணும்."

ஒருக்காச் சொன்னால் போதும் என்பது தர்சினிக்குப் புதிய செய்தி. தொட்டுவிட்டு விட்டாள். ஃபான் சுற்றியது, நிற்கவில்லை. ஏசி இருபத்தாறில் வந்தது. சனிக்கிழமை பொழுது படமுன் றிமோட் படித்து முடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சுதாகரன் படிக்க வேண்டியிருந்தது. அதுதான் கஷ்டம்.

நாடாவில் தொங்கிய றிமோட்டை இடது கையால் பிடிப்பான். பெருவிரல் பொத்தானைத் தேடிப் போகும். போய்ச் சேர்வதற்கு முன் தர்சினியின் விரல் அங்கே இருக்கும். "இஞ்சை, இதுதான், இப்பிடி," என்று அமத்திவிடுவாள். ஃபான் சுற்றும். அவன் அமத்தியதாக இருவரும் எண்ணிக்கொள்ள வேண்டும். முனை நிலத்தைப் பார்த்தால் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்புவாள். ஒருமுறை அவன் விரல் நடுங்கி இரண்டு தரம் அமத்த, ஃபான் சுற்றி நின்றது. அவள் றிமோட்டைக் கையிலிருந்து பறித்தே விட்டாள். பதினொரு மணி வரைக்கும் இப்படியே போனது.

"தர்சினி," என்றான் சுதாகரன். "நீ... வெளியிலை போ."

"நான் போனா ஆர் காட்டித்தாறது?"

"காட்டினது காணும். நீ நிண்டா... நான் அமத்தமாட்டன். நீதான் அமத்துவாய்." மூச்செடுத்தான். "அஞ்சு மாசமா நீதான் அமத்துறாய்."

அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. கிணற்றடிக்குப் போனாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. படலை வரை நடந்தாள், திரும்பினாள். ஐந்து மாதமாக இந்த மனிசனுக்கு எல்லாம் செய்தேன் என்று நினைத்தவளுக்கு, எதையும் செய்ய விடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. யன்னலால் எட்டிப் பார்க்க மூன்று தரம் போய், மூன்று தரமும் பாதியில் திரும்பினாள். கடைசியில் ரிவிச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. பிறகு திரும்பக் கேட்டது. ஃபானைப் போட்டானா என்பது வெளியே நின்று தெரியவில்லை. உள்ளே போனபோது அவன் களைத்து நித்திரையாகிவிட்டான். இனிச் சோதிக்க நேரமில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு, சனசமூக நிலைய மண்டபத்துக் கிளினிக்கில் தர்சினி நின்றாள். தாய்மார் சிரித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள், ஏச்சு வாங்க ஆளில்லாமல் இவ்வளவு நாளும் தவித்த மாதிரி. ஒன்பதரை மணிக்கு மண்டபத்தில் ஃபான் நின்றது. கரண்ட் போய்விட்டது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக அழத் தொடங்கின. பத்தே முக்காலுக்குக் கரண்ட் திரும்பி வந்தது. மண்டபத்து ஃபான் தானாகச் சுற்றியது. அவர்கள் வீட்டு ஃபான் சுற்றாது.

சுதாகரனுக்குப் போன் எடுத்தாள். மணி அடித்தது, அவளுடைய கைப்பைக்குள். காலை அவசரத்தில் அவனுடைய போனையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். ஞானாம்பிகை அக்கா திங்கட்கிழமைகளில் கோயிலுக்குப் போனால் பன்னிரண்டரைக்கு முன் வரமாட்டார், போனும் கொண்டுபோகமாட்டார். வெளியே முப்பது தாய்மார் இருந்தார்கள், உள்ளே டொக்டர் இருந்தார். முதல் நாளே விட்டுவிட்டு ஓடினால் நாளைக்கு எந்த முகத்தோடு வருவது? நின்றாள். ஒரு பிள்ளையின் நிறையை இன்னொரு பிள்ளையின் கார்ட்டில் எழுதினாள். "மிஸி, இது என்ரை பிள்ளை இல்லை," என்று ஒரு தாய் சொன்னபோது ஏசாமல் மன்னிப்புக் கேட்டாள். அந்தத் தாய் பயந்துபோனாள்.

பன்னிரண்டேகாலுக்கு இடைவேளை விட்டதும் ஸ்கூட்டியை முறுக்கினாள். வீட்டுக்குப் போகும் ஒழுங்கைக்குள் திரும்பும்போது வாகனம் ஒருமுறை சறுக்கியது. படலையைத் தள்ளினாள். ரிவிச் சத்தம் இல்லை. அறைக்குள் ஓடினாள். ஃபான் நின்றது. ஏசி நின்றது. சுதாகரன் கண்ணை மூடிக் கிடந்தான். றிமோட் நெஞ்சின் மேல், அவன் கைக்குக் கீழே கிடந்தது.

"ஐயோ, இஞ்சாருங்கோ."

நெற்றியில் கை வைத்தாள். வேர்த்திருக்கும் என்று எதிர்பார்த்த நெற்றி குளிர்ந்திருந்தது. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். நாடி நன்றாகத்தான் அடித்தது. முதலில் காற்று வேண்டும் என்று றிமோட்டை எடுக்கப் போனாள். அவன் விரல்கள் அதை இறுக்கிக்கொண்டன.

"பொறு," என்றான், கண்ணைத் திறந்து.

கையை மெல்ல உயர்த்தினான். பெருவிரல் தேடியது, ஒரு பொத்தானைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. தர்சினி தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். ஃபான் சுற்றியது. விரல் கீழே இறங்கியது. ரிவி வந்தது. இன்னும் கீழே. ஏசி பீப் என்றது. இருபத்தாறு.

"பத்தே முக்காலுக்குக் கரண்ட் வந்தது," என்றான். "அப்பவே... எல்லாம் போட்டிட்டன்."

அப்போதுதான் அறை இன்னும் குளிராக இருப்பதை அவள் உணர்ந்தாள். "பிறகேன் நிப்பாட்டினனீங்கள்?"

"உன்ரை ஸ்கூட்டி... ஒழுங்கையாலை வந்தது கேட்டது."

"அதுக்கு?"

சுதாகரன் அவளைப் பார்த்தான், இவ்வளவும் விளங்காதா என்கிற மாதிரி.

"நீ பாக்கேல்லைத்தானே."

தர்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டரை. ஒரு மணிக்குக் கிளினிக் தொடங்குகிறது, பத்து நிமிட ஓட்டம் இருக்கிறது. கதிரையை இழுத்து, தன் கை றிமோட்டுக்கு எட்டாத தூரத்தில் போட்டு அமர்ந்தாள்.

"இன்னொருக்காச் செய்யுங்கோ," என்றாள். "நான் வடிவாப் பாக்கேல்லை."

அவன் எல்லாவற்றையும் நிப்பாட்டிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினான்.